சாமிக்கு ஒரு சைஸ் கூட

அத்தை வாங்கித் தரும் எதுவும் வாங்கிக்கொள்கிற ஆளுக்குப் பொருந்தியதில்லை. போன தீபாவளிக்கு என் மகனுக்கு ஒரு சோடி சப்பாத்து அனுப்பியிருந்தாள். பையனுக்கு மூன்று வயது. சப்பாத்து எனக்கே கொஞ்சம்தான் இறுக்கம். நான் இப்போது இருக்கிற வத்தளையிலிருந்து போன் எடுத்துச் சொன்னேன்.

"வளர்ற புள்ளதானே மருமகனே, கெடக்கட்டும்" என்றாள்.

வளர்கிற பிள்ளைக்கு என்றால் நியாயம். அத்தை வளராத சாமான்களுக்கும் அதே சட்டத்தைத்தான் வைத்திருந்தாள். பூட்டு வாங்கினால் கதவைவிடக் கனமான பூட்டு. குடை வாங்கினால் ஒரு குடும்பமே நிற்கலாம். அவளும் மாமாவும் மட்டும் சாப்பிடுகிற வீட்டில் கல்யாணச் சோறு ஆக்கும் சட்டி. இத்தனைக்கும் ஆள் நாலரை அடி. கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டினாளென்றால் பின்னால் வருகிறவனுக்குக் கூடைதான் தெரியும், ஆள் தெரியாது. கணக்கப்பிள்ளை ஒருநாள், "கூடைய மட்டும் அனுப்பிட்டு நீங்க வீட்ல இருந்துட்டீங்களோ?" என்று கேட்டாராம்.

இதற்கெல்லாம் அவளிடம் ஒரு தத்துவம் இருந்தது. "அளவா வாங்கினா இன்னைக்கு மட்டுந்தான் சரியா இருக்கும். ஒரு சைஸ் கூட வாங்கினா நாளைக்கும் சரியா இருக்கும்." இதற்கு மறுப்புச் சொல்ல எங்கள் தோட்டத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. செல்லம்மா அக்காவைத் தவிர.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில் அடுத்த காம்பராக்காரி. லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடு. காம்பரா என்றால் ஓர் அறை, சமைக்க ஒரு குசினி, முன்னால் இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்கிற சின்னத் தாழ்வாரம். அத்தைக்கு இடது சுவருக்கு அப்பால் நாங்கள். வலது சுவருக்கு அப்பால் செல்லம்மா அக்கா. நான் அப்போது கொட்டகலையில் ஒரு போன் கடையில் வேலை பார்த்தேன். காலையில் எழுந்திருக்க எனக்கு அலாரம் தேவைப்பட்டதில்லை. இந்த இரண்டு பேரின் சண்டையே போதும்.

சண்டை பீலிக்கரையில் தொடங்கும். மலைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழுகிற இடம்தான் பீலி. மொத்த லயமும் அங்கேதான் வாளியோடு நிற்கும். யார் வாளி முன்னால், யார் வாளி பின்னால் என்று ஆரம்பித்து, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும் வழியில் வளர்ந்து, மலையில் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டே மத்தியானம்வரை போகும். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி ரொட்டியும் மற்றவள் சம்பலும் கொண்டுவந்திருப்பார்கள். சேர்ந்து சாப்பிட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். ஒருநாள் சத்தம் கேட்கவில்லையென்றால் என் அம்மா அடுப்படியிலிருந்தே சொல்வாள்: "ரெண்டு பேர்ல யாருக்கோ காய்ச்சல்."

அரிவாள் வந்தது ஒரு மழையால்.

அந்த வருஷம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஒரு பிற்பகல் லயத்துக்குப் பின்னாலிருந்த மேடு மெதுவாக அசைந்தது. மெதுவாக என்பது இப்போது சொல்கிற வார்த்தை. அன்றைக்கு எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடினோம். அத்தை ஓடவில்லை. தன்னுடைய குடும்பக் குடையைப் பிடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி நின்று, அந்த மழைச் சத்தத்திலும் எங்களுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"முனியாண்டி, இதுக்கு மேல எறங்க விட்றாத. ஒனக்கு அரிவா செஞ்சு வைக்கிறேன். சின்னதா இல்ல, பெருசா."

மண் பொதுக் கக்கூஸை எடுத்துக்கொண்டது. செல்லம்மா அக்கா புதிதாக அடித்த கோழிக்கூட்டையும் எடுத்துக்கொண்டது. கோழிகள் முன்னாடியே கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டன. மனிதர்களைவிடக் கோழிகளுக்கு அன்றைக்கு அறிவு அதிகமாக வேலை செய்தது. பிறகு மண் அத்தையின் பின்சுவரில் சாய்ந்து நின்றுவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் அழுதேன். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, எல்லோரும்தான் அழுதார்கள்.

முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டவள் செல்லம்மா அக்கா. "ஏன்டி, அந்த வேண்டுதல கொஞ்சம் முன்னாடி வச்சா என்னாடி? எங் கோழிக்கூடு போற வரைக்கும் வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? ஒஞ் சொவத்துக்கிட்ட வந்தப்பதான் ஒனக்கு சாமி ஞாபகம் வந்துச்சு."

அதிகாரிகள் வந்தார்கள். இந்த லயம் ஆபத்து, வேறு இடம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதுவரைக்கும் அந்த மண்ணுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது அத்தையின் வாக்கு ஒன்றுதான். அடுத்த மழைக்கு முன்னால் அரிவாள் சாமியிடம் போயாக வேண்டும். இல்லையென்றால் மலை தன் பேச்சை மாற்றிக்கொள்ளும் என்று அத்தை உறுதியாக நம்பினாள். நான் போன் கடையில் வேலை பார்க்கிற நவீன மனிதன், ஆனால் நானும் நம்பினேன்.

தலவாக்கலைப் பக்கம் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி அடிக்கிற கொல்லர் ஒருவர் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"சாமி எவ்ளோ ஒசரம்?" என்று கொல்லர் கேட்டார்.

எங்கள் முனியாண்டி தோட்டத்து எல்லையில் மரத்தடியில் இருக்கிற ஒரு கல். முழங்கால் உயரம். சுற்றிலும் ஓரடி, ஒன்றரை அடி அரிவாள்கள் நட்டிருக்கும். அத்தை தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்ப ரெண்டு அடி போதும்."

"போதும்கிற பேச்சே வேணாங்க. மலையவே நிப்பாட்டின சாமி. ஒரு சைஸ் கூடப் போடுங்க."

"மூணு அடி."

"அதுல ஒரு சைஸ் கூட."

இப்படியே ஏலம் போனது. ஐந்தடியில் கொல்லர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, சாமி ஒசரத்துக்கு அரிவா செய்வாங்க. அரிவா ஒசரத்துக்கு சாமி வளருமா?" என்றார்.

"வளராதுன்னு நீங்க பாத்தீங்களா?"

கொல்லருக்கும் ரோசம் வந்துவிட்டது. பழைய லொறியின் சட்டத்தை அறுத்து அடித்தார். கடைசியில் ஏழடி. மேல் வளைவில் நாலு மணி. பட்டறைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு அவரே நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது பஸ்ஸில். பட்டறை ஆட்கள் தூக்கிவந்து விட்டுப்போக, நாங்கள் மூன்று பேரும், அதாவது அத்தையும் நானும் அரிவாளும், தலவாக்கலையில் நின்றோம். கண்டக்டர் படியில் நின்றபடி, "மே மொகத்த அம்மே?" என்று சிங்களத்தில் கேட்டான். இது என்னவென்று அர்த்தம்.

அத்தைக்குச் சிங்களம் சந்தைக்கு வேண்டிய அளவு தெரியும். "தெய்யன்கே" என்றாள். சாமியுடையது.

கண்டக்டர் முகம் மாறிவிட்டது. ஒரு கையால் கும்பிட்டான். பஸ்ஸில் எவ்வளவு நெருக்கடி என்றாலும் முன் இருக்கை மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கும். அங்கே இருந்த ஒருவரை எழுப்பிவிட்டு, நாலு பேரைக் கூப்பிட்டு அரிவாளை உட்காரவைத்தான். அத்தை நின்றாள், நான் நின்றேன், அரிவாள் உட்கார்ந்து வந்தது. நடுவழியில் வயதான பிக்கு ஒருவர் ஏறினார். கண்டக்டர் விளக்கம் சொன்னதும் சிரித்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் அமர்ந்துகொண்டார். வளைவுகளில் அது சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பஸ் மணியடித்துக்கொண்டே கொட்டகலைக்கு வந்தது.

சிக்கல் கோயிலில்தான். கல்லையும் அரிவாளையும் பூசாரி மாறிமாறிப் பார்த்தார். "சாமியவிட ஆயுதம் பெருசா இருந்தா, யாருங்க யாருக்குக் காவல்? மரம் மறையுது, கல்லு மறையுது. கும்புடுறவன் எதக் கும்புடுவான்?" என்றார். தோட்டத்துத் தலைவர் கோயில் கமிட்டிக்கும் தலைவர். கமிட்டி கூடிப் பேசட்டும், அதுவரைக்கும் வீட்டிலேயே வையுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் எங்கள் தோட்டத்தில் முதன்முதலாகத் தனி ஆள் ஒருவர் கையில் ஏழடி ஆயுதம் வந்து சேர்ந்தது.

காம்பராவுக்குள் அது போகவில்லை. நிமிர்த்தினால் கூரைத் தகரம் இடித்தது, படுக்கவைத்தால் மாமாவுக்குப் படுக்க இடமில்லை. இஸ்தோப்பில் சாய்த்து வைத்தாள். தினமும் விளக்கு, வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம். காற்றடித்தால் மணி சத்தம். பாதையில் போகிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அடுத்த வாரமே ஊர் மாறிவிட்டது. பீலிக்கரையில் அத்தை வந்தால் எல்லா வாளியும் தானாகப் பின்னால் போனது. முத்தல் இலை என்று தினமும் கத்துகிற கணக்கப்பிள்ளை அவள் கூடையைப் பார்த்து, "இலையும் கொஞ்சம் கெடந்தாத்தானுங்க கொழுந்துக்கு அழகு" என்றார். தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்த ஒருவர் லயத்தில் மற்ற வீட்டுக்கெல்லாம் கையசைத்துவிட்டு அத்தை வீட்டு முன்னால் மட்டும் செருப்பைக் கழற்றினார்.

பிறகு இரவல் கேட்டு வந்தார்கள். முதலில் கோடி வீட்டு அக்கா. "மருமகன் வாராருங்க. குடிச்சிட்டு வந்து சத்தம் போடுவாரு. ரெண்டு நாளைக்கு எங்க இஸ்தோப்புல சாத்தி வைக்கலாமுங்களா?" நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். மருமகன் வந்தார், பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், மாமியாரை "நல்லா இருக்கீங்களாம்மா" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அதன் பிறகு அரிவாளுக்கு ஓய்வில்லை. பாகப்பிரிவினையா, பெண் பார்க்க வருகிறார்களா, பரீட்சையில் தவறிய பையனுக்குப் புத்தி சொல்ல வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அரிவாள். தூக்கித் தூக்கி என் தோள்பட்டை இறங்கிவிட்டது.

கீழ் லயத்துக்காரர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? அவர்களுக்கு எட்டடியில் ஒன்று வேண்டுமென்று அதே கொல்லரிடம் போனார்கள். எந்தச் சாமிக்கு என்று கொல்லர் கேட்டதற்கு, "சாமி பொறவு பாத்துக்கலாம், மொதல்ல நீங்க செய்யுங்க" என்றார்களாம். அதைக் கேட்டுத் தொழிற்சாலைப் பக்கத்து லயம் ஒன்பதடி பற்றி விசாரித்தது.

யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். ஒரு சார்ஜன்ட் இரண்டு பொலிஸ்காரர்களோடு ஜீப்பில் வந்தார். சிங்களவர், ஆனால் மலைநாட்டில் நெடுநாள் வேலை பார்த்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். அரிவாளை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஜீப்பில் ஏற்றிப் பார்த்தார்கள். பின்கதவு மூடவில்லை. கதவைத் திறந்துவைத்து ஏற்றினால் வளைவு வெளியே நீட்டிக்கொண்டு எதிரே வருகிறவனைக் கூப்பிடுவதுபோல இருந்தது. இறக்கிவிட்டார்கள். கடைசியாகச் சார்ஜன்ட் தானே தனியாகத் தூக்கிப் பார்த்தார். முழங்கால்வரை வந்தது. அதற்குமேல் அவருடைய முதுகு சம்மதிக்கவில்லை.

"அம்மா, இது ஆயுதம் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். "ஒரு ஆளால தூக்க முடியாது, வீச முடியாது. இதால யாரையும் ஒண்ணும் செய்ய ஏலாது. நீங்க வச்சுக்கலாம்."

அத்தைக்கு வந்ததே கோபம். "ஆயுதம் இல்லைங்களா? நல்லாப் பாருங்க சார். எங்க சாமிக்குன்னு நெருப்புல அடிச்சது. ஆயுதம்னுதான் எழுதணும்."

"ஆயுதம்னு எழுதினா நான் ஒங்களக் கூட்டிட்டுப் போகணும், அம்மா."

"கூட்டிட்டுப் போங்க. அதுக்காகச் சாமி அரிவாள இரும்புன்னு சொல்லுவீங்களா?"

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பத்திரமாக வைத்திருங்கள், கெதியாகக் கோயிலில் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனார். ஜீப் வளைவு திரும்பும்வரை அத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு களை இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு ஆள் அவளை எதிர்த்துப் பேசியிருந்தார்.

அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் நான் வேலைக்குப் பிந்திப் பிந்திப் போய்க்கொண்டிருந்தேன். எழுப்பச் சத்தம் இல்லை. பீலிக்கரையில் செல்லம்மா அக்கா அத்தையைக் கண்டால் வாளியை எடுத்துக்கொண்டு, "நீங்க பிடிங்க அக்கா" என்று ஒதுங்கிவிடுவாள். இருபது வருஷமாக "ஏன்டி" என்று கூப்பிட்ட வாய். இப்போது நீங்க, வாங்க, பிடிங்க. மலையில் இரண்டு நிரை தள்ளிப் போய் நின்று கொழுந்து எடுத்தாள். ரொட்டியும் சம்பலும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

அத்தை சும்மா இருக்கவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே அடுப்புச் சாம்பலைச் செல்லம்மா அக்கா வாசலில் கொட்டினாள். செல்லம்மா அக்கா வந்து பார்த்து, "பரவால்லைங்க, செடிக்கு நல்லது" என்று கூட்டி அள்ளிக்கொண்டு போனாள். இன்னொரு நாள் அவள் கொடியில் காய்ந்த துணியை இழுத்துக் கீழே போட்டுவிட்டு நின்றாள். செல்லம்மா அக்கா துணியைப் பொறுக்கி உதறிவிட்டு, "காத்துங்க" என்றாள். காற்றே இல்லை. அரிவாளின் மணி நாலும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் குசினிக்கு வந்து அம்மாவிடம் உட்கார்ந்துகொண்டாள். "நான் என்னா கழுத்தவா வெட்டப் போறேன்? ஒருத்தியாவது என்னையத் திட்டுறாளா பாருங்க. செல்லம்மா என்னைய 'ங்க' போட்டுப் பேசுறா மதினி. செத்த வீட்ல பொணத்துக்கு மரியாதை குடுக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மண் வந்த அன்றைக்குக்கூட அவள் அழவில்லை.

மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது. பின்சுவரில் சாய்ந்த மண் அப்படியே கிடந்தது. கமிட்டி ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூடியது. மேல் லயம், கீழ் லயம், பூசாரி, எல்லோரும் வந்திருந்தோம். அரிவாளையும் கொண்டுபோயிருந்தோம், அதாவது நானும் இன்னும் மூன்று பேரும் தூக்கியிருந்தோம்.

தலைவர் எழுந்தார். "இவ்ளோ பெரிய ஆயுதம் தனி ஆளு கையில இருக்கப்படாது. பொதுவுல இருக்கணும்."

"பொதுவுலன்னா எங்கங்க?"

"எங்க வீட்ல."

கீழ் லயத்துப் பொடியன் ஒருவன் எழுந்து, "அவங்க வச்சிருந்தா நாங்களும் வச்சுக்குவோம். எல்லாரு வீட்லயும் ஒண்ணு இருந்தா யாருக்கும் யாரு மேலயும் பயம் இருக்காது" என்றான். கைதட்டல்கூட விழுந்தது.

அம்மா உட்கார்ந்த இடத்திலேயே பதில் சொன்னாள். "ஒண்ணு இருக்கறப்பவே பாதையில ஒருக்களிச்சுப் போறோம். வீட்டுக்கு ஒண்ணு வந்தா மனுசங்க எந்தப் பக்கமா நடக்கிறது?"

ஆளுக்கு ஆள் பேசினார்கள். சட்டம் பேசினார்கள், சாமி பேசினார்கள், கீழ் லயத்துக்காரன் இருபது வருஷத்துக்கு முன் திருடிய பலாக்காயைப் பற்றியும் பேசினார்கள். அத்தை எழுந்து நின்றதும் சட்டென்று அமைதி. அவள் பேசினால் யாரும் குறுக்கே பேசுவதில்லை என்பதுதான் அப்போதைய வழக்கம். அந்த அமைதியைப் பார்த்து அவள் முகம் சுண்டிப்போனது.

"நான் வச்சிருக்கேன், நான் வச்சிருக்கேன்னு சொல்றீங்க. நான் எங்கங்க வச்சிருக்கேன்? அதுதான் என்னையப் பிடிச்சு வச்சிருக்கு. மழை வரப்போவுது. இது சாமிக்கிட்டப் போகணும். கொல்லரக் கூட்டிட்டு வாங்க. வெட்டிச் சின்னதாக்குங்க. ரெண்டு அடி போதும்."

போதும் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார். 

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. செல்லம்மா அக்கா. இவ்வளவு நாள் அடக்கி வைத்ததில் குரல் கரகரத்திருந்தது. "என்னத்துக்குங்க வெட்டணும்? கொல்லருகிட்ட சாமி வளரும்னு சொன்னீங்களாமே. ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சோமே. சொன்னா சொன்னதுதானுங்க. சாமிய வளத்து விடுங்க."

சிரிக்கத் தொடங்கிய தலைவர் பாதியில் நிறுத்திவிட்டார். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சீமெந்தில் இருபத்தைந்து அடிக்கு முனியாண்டி கட்டியிருக்கிறார்கள். திருவிழாவுக்குப் போனபோது அதைப் பார்த்துவிட்டு வந்து வயிறெரிந்தவர் அவர். "முப்பது அடி" என்றார். பூசாரி கல்லைப் பார்த்தார். கல்லை எடுக்க வேண்டாம், பழைய கல் முன்னால் இருக்கட்டும், சாமி பின்னால் எழும்பட்டும் என்றார். எட்டடி அரிவாளுக்குச் சேர்த்து வைத்ததைச் சீமெந்துக்குக் கொடுப்பதாகக் கீழ் லயம் ஒத்துக்கொண்டது. சாமியின் மீசையை மட்டும் தாங்கள்தான் வைப்போம் என்று ஒரு நிபந்தனை.

மழைக்கு முன்னால் முப்பது அடிச் சாமி கட்ட முடியாது. அதனால் ஆயுதம் முதலில், சாமி பிறகு என்று முடிவானது. அடுத்த வெள்ளிக்கிழமை மரத்தடியில் குழி வெட்டி, சீமெந்து போட்டு, அரிவாளை நட்டோம். அத்தை கற்பூரம் காட்டிவிட்டு முனியாண்டியிடம், "இந்தா, ஒங்கிட்டக் குடுத்துட்டேன். இனி நீயாச்சு, மலையாச்சு" என்றாள். மழை வந்தபோது அங்கே இருந்தது ஒரு அரிவாளும் இரண்டு சீமெந்துப் பாதமும்தான். பாதத்தைப் பார்த்தே மண் பயந்துவிட்டதோ என்னவோ, அந்த மழையிலும் அடுத்த மழையிலும் அசையவில்லை. பிறகு ஒருவழியாகத் தோட்டத்தின் இன்னொரு பக்கம் எங்களுக்கு வீடு கிடைத்தது. அத்தையும் செல்லம்மா அக்காவும் அங்கேயும் பக்கத்துப் பக்கத்து வீடுதான் வேண்டுமென்று ஒன்றாகப் போய்ச் சண்டை பிடித்து வாங்கினார்கள்.

சாமி முடிய அடுத்த ஆடி ஆனது. கீழ் லயம் வைத்த மீசை காதுவரை போனது. எல்லாம் முடிந்து, பாதத்தருகில் நட்டிருந்த அரிவாளைப் பெயர்த்து முனியாண்டி கையில் கொடுத்தார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அந்த முழங்கைக்கும் அந்த மீசைக்கும் முன்னால் ஏழடி அரிவாள் வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற கத்திபோல இருந்தது. 

அத்தை இடுப்பில் கை வைத்து நெடுநேரம் பார்த்தாள். "நான் அப்பவே ஒரு சைஸ் கூடச் சொல்லியிருக்கணும்" என்றாள்.

ஆனால் எனக்கு அத்தையை நினைத்தால் ஞாபகம் வருவது அந்தச் சாமி இல்லை. அரிவாளை நட்ட மறுநாள் சனிக்கிழமை காலை. முன்பாதி பீலிக்கரையில் நின்றவர்கள் சொன்னது. அத்தை தன்னுடைய அண்டா போன்ற வாளியைக் கொண்டுவந்து பீலிக்கடியில் எல்லோருக்கும் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். செல்லம்மா அக்கா திரும்பி லயத்தைப் பார்த்தாள். அத்தை வீட்டு இஸ்தோப்பு காலியாக இருந்தது. சுவரில் எண்ணெய்க் கறையும் கீழே காய்ந்த எலுமிச்சம்பழமும்தான். அத்தையைப் பார்த்தாள். பிறகு அந்த வாளியைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினாள்.

"எடுடி ஒன் அண்டாவ. இதுல தண்ணி நெறையிறதுக்குள்ள நாங்க பெரட்டுக்குப் போயிட்டு வந்துருவோம். ஒரு கோழிக்கூட்டுக்கு முன்னாடி வேண்டிக்கத் துப்பில்ல, வந்துட்டா முன்னுக்கு."

அத்தை முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏன்டி, ஓட்டக் கோழிக்கூட்டுக்கெல்லாம் முனியாண்டி எறங்கி வருவாராடி? ஒங் கோழிக்கு இருந்த புத்தி ஒனக்கு இருந்துச்சாடி? அது மரத்துல ஏறுச்சு, நீ பள்ளிக்கொடத்துக்குல்ல ஓடின?"

"நீ மட்டும் என்னாத்த கிழிச்ச? குடையப் பிடிச்சிக்கிட்டுக் கூத்துப் பாத்தவதானே?"

சத்தம் பீலிக்கரையிலிருந்து எழும்பி லயத்துத் தகரத்தில் மோதிக் கீழ் லயம்வரை போனது. நான் படுக்கையில் புரண்டு எழுந்து மணி பார்த்தேன். சரியான நேரத்துக்கு எழுந்திருந்தேன். அம்மா அடுப்படியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் விட்டிருச்சு" என்றாள்.